கழற்றி வைத்த ஷூ

பன்னிரண்டு வருஷமாக லுக்யான் ஹர்புஸிடம் அடி வாங்கியிருக்கிறேன். மல்யுத்தத்தில் நூற்றிருபத்தைந்து கிலோ பிரிவில் ஒரு நாட்டுக்கு ஓர் இடம்தான். உக்ரைனில் அந்த இடம் அவனுடையது, நான் என்றைக்கும் இரண்டாவது. சாப்போரிஜியா பயிற்சிக் கூடத்தில் அவன் தூக்கி எறிந்து பழக ஒரு கனத்த உடம்பு வேண்டும். அந்த உடம்பு நான்தான். ஹர்புஸ் என்றால் எங்கள் பாஷையில் பூசணி. கோச் யுகிம் முதற்கொண்டு எல்லோருக்கும் அவன் பூசணிதான்.

ஐரோப்பியப் பட்டம் இரண்டு முறை வாங்கினான். ஒலிம்பிக் மட்டும் வாய்க்கவில்லை. ஒரு முறை தோள்பட்டை போனது, ஒரு முறை ஒரே ஒரு புள்ளியில் போனது. இப்போது முப்பத்தைந்து வயது, கடைசித் தகுதிப் போட்டி. இறுதிக்குப் போகிற இரண்டு பேருக்குத்தான் ஒலிம்பிக்.

அரையிறுதியில் கடைசிப் பத்து வினாடியில் எதிராளியிடம் காலைப் பிடிகொடுத்துத் தோற்றான். மேட் விரிப்பிலேயே உட்கார்ந்துவிட்டான். பார்க்கச் சகிக்கவில்லை. ஓரத்தில் நின்ற நான்தான் கத்தித் தொலைத்தேன்.

"போதும்டா பூசணி! ஷூவ கழட்டு. மரியாதையா போயிரலாம்."

எங்களில் ஓய்வு பெறுகிறவன் ஷூவைக் கழற்றி மேட் நடுவில் வைத்துவிட்டுப் போவான். லுக்யான் என்னைப் பார்த்தான். கழற்றி வைத்தான். அரங்கமே எழுந்து கைதட்டியது.

"உன்ன யாருடா வாயத் தொறக்கச் சொன்னா?" என்று கோச் என்மேல் பாய்ந்தார்.

எதையும் அரைகுறையாகச் செய்யாதவன் லுக்யான். அன்று சாயங்காலமே ஓய்வுக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தான்.

மூன்றே வாரம். அவனைத் தோற்கடித்தவன் ஊக்கமருந்துச் சோதனையில் மாட்டிக்கொண்டான். அந்த ஒலிம்பிக் இடம் எங்களுக்கு வந்தது. லுக்யான் என்னைத் தூக்கிச் சுற்றினான். கோச் சிரிக்கவில்லை.

"ஓய்வுன்னு எழுதிக் குடுத்துட்டியேடா. திரும்பி வரணும்னா ஆறு மாசம் ஊக்கமருந்துச் சோதனைக்குக் காத்துக் கெடக்கணும். போட்டிக்கு மூணு மாசங்கூட இல்ல."

"அப்ப அந்த எடம்?" என்றான் லுக்யான்.

"அது நாட்டோட எடம்." கோச் என் பக்கம் திரும்பினார். "தெமீத் போவான்."

பரிதாபப்பட்டுத்தான் கத்தினேன். சத்தியமாகச் சொல்கிறேன். ஆனால் அன்றைக்குக் கோச் என் பெயரைச் சொன்னபோது என் நெஞ்சு ஒரு கணம் துள்ளியது. பாழாய்ப்போன நெஞ்சு.

லுக்யானே எனக்குப் பயிற்சி கொடுத்தான். வான்தாக்குதல் சைரன் அலறினால் மேட் விரிப்பைச் சுருட்டிக்கொண்டு நிலவறைக்கு இறங்குவோம். ஒரு நாள் அங்கே என் கழுத்தைப் பிடியில் வைத்தபடியே கேட்டான்.

"ஏண்டா கழட்டச் சொன்ன?"

"உன்னப் பாக்கப் பாவமா இருந்துச்சுடா."

"என்னப் பாத்து மட்டுமா?"

அவன் பிடியை விட்டான். "சரி, எந்திரி. எடது காலப் பின்னால வை" என்றான். அதற்குப் பிறகு அவன் அதைக் கேட்கவேயில்லை. திட்டித் தீர்த்திருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும்.

ஒலிம்பிக்கில் என் முதல் ஆட்டம் ஒன்றரை நிமிஷம் நடந்தது. பத்துக்குப் பூஜ்யம் என்று தோற்றேன்; பத்துப் புள்ளி பின்தங்கினால் ஆட்டத்தை அங்கேயே முடித்துவிடுவார்கள். அவ்வளவுதான். உடை மாற்றும் அறைக்கு வந்ததும் போன் அடித்தது.

"பாத்தேன்" என்றான் லுக்யான்.

"மன்னிச்சிருடா பூசணி. நீயா இருந்தா..."

"ஷூவ கழட்டி வச்சியா?"

"இல்ல."

"கழட்டாத. எவன் சொன்னாலும் கழட்டாத" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டான்.

அடுத்த ஆட்டக்காரர்கள் வந்து பெஞ்சைக் கேட்கும்வரை ஷூவோடே உட்கார்ந்திருந்தேன்.