அந்தக் குவளை ஒரு பெண்ணுடையது

மாயா நாகரிகத்தைப் பற்றிப் படிக்கப் போவதாகப் பேர்பெச்சுவா சொன்ன நாளில் வீட்டில் யாரும் சண்டை பிடிக்கவில்லை. அவளுடைய அப்பா அம்புறோஸ், "அந்தச் சனம் எங்கை இருக்குது?" என்று மட்டும் கேட்டார். மன்னாரிலிருந்து புறப்பட்டு ஜெர்மனியின் ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் வந்திறங்கிய மனிதர். நெடுங்காலம் அகதி முகாம்களில் அலைந்துவிட்டு, ஸ்டுட்கார்ட்டுக்குப் பக்கத்தில் பொதிகள் பிரிக்கும் இடமொன்றில் வேலைக்கு நின்றார்.

"மத்திய அமெரிக்காவில, அப்பா. இப்பவும் லட்சக்கணக்கில இருக்கினம்."

"அப்ப சரி. எல்லாரும் செத்துப்போச்சினம் எண்டெல்லோ நான் நினைச்சன்."

2003இல் அவள் முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்துகொண்டிருந்தாள். குவாத்தமாலாவின் வடக்கே, பெத்தேன் காட்டுக்குள் ஒரு சிறிய அகழாய்வுக் குழுவில் அவளுக்கு இடம் கிடைத்திருந்தது. குழுவின் தலைவி ஊட்டே, ஐம்பது தாண்டிய ஜெர்மன் பெண். தோண்டுகிறவர்கள் பக்கத்துக் கிராமத்து மாயா ஆட்கள். அவர்களுக்கு மூத்தவர் அன்செல்மோ. ஞாயிற்றுக்கிழமைகளில் குழுவில் இருப்பவர்களைத் தன் வீட்டுக்குக் கூப்பிட்டு, மனைவி சுட்ட சோள ரொட்டியும் அவரைக்கூழும் தருவார். அதிகமாகப் போனது பேர்பெச்சுவாதான்.

அந்த வருடம் நில அளவைக்காக ஜெர்மனியிலிருந்து புதிதாக ஒருவன் வந்து சேர்ந்தான். ஆஹெனில் பொறியியல் படித்தவன், பெயர் நிசாந். அவனுடைய பெற்றோர் யாழ்ப்பாணத்தவர்கள். காட்டுக்குள் அளவுக் கருவியைத் தோளில் சுமந்து நடந்து வந்தவன், பேர்பெச்சுவாவைக் கண்டதும் நின்றான்.

"நீர் தமிழோ?"

"ஓம்."

"இந்தக் காட்டுக்குள்ளையோ?" என்று சிரித்தான். அவளும் சிரித்தாள். கொசுவலைக்கு வெளியே உட்கார்ந்து ஜெர்மனும் தமிழும் கலந்து கதைக்க ஓர் ஆள் கிடைத்தது அவளுக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. மழைக்காலம் நெருங்குவதற்குள் அது காதலாகிவிட்டது.

அந்தக் காட்டில் மரங்கள் மூடிய மேடுகள் ஏராளம். ஒவ்வொன்றும் ஒரு காலத்தில் வீடாகவோ கோயிலாகவோ இருந்த கட்டடம். அவற்றில் மிகச் சாதாரணமாகத் தெரிந்த ஒரு மேட்டில், வேலை முடிகிற கட்டத்தில், கற்பலகை மூடிய அறை ஒன்று தட்டுப்பட்டது. பலகையின் இடுக்கில் விளக்கைப் பிடித்து எட்டிப்பார்த்தாள் பேர்பெச்சுவா. எலும்புகள் தெரிந்தன. அவற்றின் பக்கத்தில், நேற்றுத்தான் தீட்டியதுபோல வண்ணம் மங்காத ஒரு குவளை நின்றது. அதன் விளிம்பில் ஒரு துண்டு உடைந்து இடுக்கின் ஓரமாகக் கிடந்தது. கைக்கு எட்டிய அந்தத் துண்டை மட்டும் எடுத்துக்கொண்டார்கள்.

உள்ளங்கைக்குள் அடங்கும் துண்டு. அதில் ஒரு தேன்சிட்டின் நீண்ட அலகு பூவொன்றைத் தொட்டுக்கொண்டிருந்தது. அதற்கு மேலே ஓர் எழுத்து: கன்னத்தருகே கூந்தல் சுருள் தொங்கும் பெண்முகம். மாயா எழுத்தில் பெண்களின் பெயருக்கு முன்னால் வரும் குறி அது. கொக்கோ குடிக்கும் குவளைகளின் விளிம்பில் உடையவரின் பெயரை எழுதுவது அவர்கள் வழக்கம். ஆகவே அந்தக் குவளைக்குச் சொந்தக்காரி ஒரு பெண். அவள் யார், யாருக்கு மகள், எந்த நகரத்திலிருந்து வந்தவள் என்பதெல்லாம் குவளையின் மீதி விளிம்பில் இருக்கும். பேர்பெச்சுவாவுக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

ஆனால் மழை தொடங்கிவிட்டது. அவசரத்தில் கல்லறையைத் திறந்தால் எல்லாம் பாழாகிவிடும் என்று ஊட்டே சொன்னாள். அடுத்த வருடம் வந்து முறையாகத் திறப்பது என்று முடிவானது. அன்செல்மோ தன் கையாலேயே கல்லும் மண்ணும் போட்டு இடத்தை மூடினார். நிசாந் அந்தப் புள்ளியை வரைபடத்தில் குறித்தான். அறை இருப்பது தெரிந்தவர்கள் அந்த நான்கு பேர்தான்.

அடுத்த வருடம் அவர்கள் திரும்பிப் போனபோது மேட்டின் பின்பக்கத்தில் ஆள் நுழையுமளவுக்கு ஒரு குழி இருந்தது. வேறு எந்த மேட்டையும் யாரும் தொடவில்லை. அங்குமிங்கும் தோண்டித் தேடிய அடையாளம் இல்லை. குழி நேரே அறைக்குப் போயிருந்தது. குவளை இல்லை. எலும்புகள் மிதிபட்டுக் கிடந்தன.

பொலிஸ் வந்தது. வெளிநாட்டுக்காரரை அவர்கள் ஒன்றும் கேட்கவில்லை. போன வருடம் அறையை மூடிய கை யாருடையது என்று கேட்டார்கள். அன்செல்மோவைக் கொண்டுபோனார்கள். வண்டியில் ஏறுவதற்கு முன் அவர் பேர்பெச்சுவாவைப் பார்த்தார். அவள் தலைகுனிந்துகொண்டாள்.

அன்று மாலை நிசாந்திடம் அழுதாள். "அவர் செய்திருப்பாரோ? எனக்கெண்டா நம்பேலாமல் கிடக்கு."

"வறுமை என்னவும் செய்யும். மனிசரை நம்பேலாது, பேர்பெச்சு" என்று அவன் அவளுடைய தோளைத் தடவினான்.

சாட்சி இல்லாததால் சில மாதங்களுக்குப் பிறகு அன்செல்மோவை விட்டுவிட்டார்கள். ஆனால் வழக்கில் பெயர் இருந்தது. கள்ளன் என்ற பேச்சும் ஊரில் ஒட்டிக்கொண்டது. குழு அவரை மறுபடி வேலைக்கு எடுக்கவில்லை.

நிசாந்துக்கு ஸ்டுட்கார்ட்டில் நல்ல வேலை கிடைத்தது. வீலாண்ட் என்பவரின் நிறுவனம், அளவுக் கருவிகள் செய்கிறவர்கள். காட்டில் அவன் தூக்கித் திரிந்த கருவியையும் குழுவுக்கு இலவசமாகக் கொடுத்தது அவர்தான். கலியாணப் பேச்சும் நடந்தது. அவன் சைவம், அவள் கிறிஸ்தவ வேதம் என்று இரண்டு வீட்டிலும் கொஞ்ச நாள் முறுக்கிக்கொண்டார்கள், பிறகு இறங்கி வந்தார்கள். கோயிலிலும் தேவாலயத்திலும் இரண்டு தரம் செய்வதென்று முடிவாகி, மோதிரமும் மாற்றியாயிற்று.

2006 வசந்தத்தில் ஒரு ஞாயிறு, வீலாண்ட் இருவரையும் மத்தியானச் சாப்பாட்டுக்கு அழைத்தார். நகரத்துக்கு மேலே, திராட்சைத் தோட்டங்களைப் பார்த்தபடி இருந்த வீடு. சாப்பிட்டு முடிந்ததும், "உங்களைப் போன்றவருக்குத்தான் இதைக் காட்டவேண்டும்" என்று பேர்பெச்சுவாவைத் தன் படிப்பறைக்குக் கூட்டிப்போனார். நிசாந் பின்னால் வந்தான்.

கண்ணாடிப் பெட்டிக்குள் செம்மஞ்சள் நிறக் குவளை ஒன்று நின்றது.

"ஒரு மன்னனுடையது" என்றார் வீலாண்ட். "விளிம்பில் அவன் பெயர் இருக்கிறது, பாருங்கள்."

பேர்பெச்சுவா பார்த்தாள். பூக்கள், ஒரு தேன்சிட்டு. சிட்டின் உடம்பு பழைய கை வரைந்தது, அலகு புதிய கை வரைந்தது. அலகு கட்டையாக, பூவைத் தொடாமல் நின்றது. அதற்கு மேலே, பெண்முகம் இருக்க வேண்டிய இடத்தில், எந்த அர்த்தமும் இல்லாத ஒரு கோலம். உடைந்த இடத்தைச் சாந்தால் நிரப்பி யாரோ வண்ணம் பூசியிருந்தார்கள். அந்த உடைவின் கோடு அவளுக்கு மனப்பாடம். கிட்டத்தட்ட மூன்று வருடமாக அந்தத் துண்டை அவள் எத்தனையோ தடவை வரைந்திருந்தாள்.

"இல்லை" என்றாள். "இது ஒரு பெண்ணின் குவளை."

வீலாண்ட் சிரித்தார். "அப்படியா? அறுபதுகளிலேயே சுவிற்சர்லாந்துக்கு வந்துவிட்ட பொருள் இது. அங்கே ஒரு வியாபாரியிடம் வாங்கினேன். அவர் மன்னன் என்றுதான் சொன்னார்."

பேர்பெச்சுவா நிசாந்தைத் திரும்பிப் பார்த்தாள். அந்தத் துண்டை அவனும்தான் கையில் வைத்துப் பார்த்திருக்கிறான். அவன் முகத்தில் திடுக்கிட்ட அடையாளமே இல்லை. அவன் குவளையைப் பார்க்கவுமில்லை. முதலாளியின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான், அவர் கோபிக்கிறாரா என்று.

அவளுக்கு எல்லாம் அப்போதே விளங்கிவிட்டது.

காரில் ஏறியதும் கேட்டாள். "நீரோ அந்த இடத்தைக் குடுத்தது?"

"எந்த இடத்தை?"

"நிசாந்."

அவன் காரை எடுத்தான். இறக்கத்தின் பாதியில் சொன்னான். "தான் தந்த கருவியாலை நாங்கள் என்னத்தைக் கண்டுபிடிச்சனாங்கள் எண்டு வீலாண்ட் கேட்டவர். பிளானைக் காட்டினனான்."

"புள்ளி போட்ட பிளானோ?"

"ஓம்."

"ஏன்?"

"நீர் அங்கை நிண்டு எலும்பு பொறுக்கலாம். எனக்கு வேலை வேணும். எத்தினை இடத்துக்கு எழுதிப் போட்டன் எண்டு உமக்குத் தெரியுந்தானே? அந்த மனிசன் என்னை ஒரு ஆளா மதிச்சுக் கதைச்சார். களவெடுப்பினம் எண்டு நான் நினைச்சனானோ?"

"எப்ப தெரியும்?"

"போன வருசம் எனக்குக் குவளையைக் காட்டினவர்."

போன வருடம். மோதிரம் மாற்றிய வருடம். "அன்செல்மோவைப் பற்றி நான் அழுத நேரமெல்லாம் நீர் பக்கத்திலதான் இருந்தனீர். மனிசரை நம்பேலாது எண்டு எனக்குச் சொன்னனீர்."

அவன் கியரை மாற்றினான்.

"காரை நிப்பாட்டும்."

"விசர்க்கதை கதையாதையும். அந்தப் பொம்பிளை செத்து ஆயிரத்துச் சொச்சம் வருசம். நாங்கள் உயிரோடை இருக்கிறம், பேர்பெச்சு."

"அன்செல்மோவும் உயிரோடைதான் இருக்கிறார். நிப்பாட்டும்."

ட்ராம் நிறுத்தத்தில் இறங்கி அவள் பெற்றோர் வீட்டுக்குப் போனாள். அம்மா டொறத்தி கதவைத் திறந்து அவள் முகத்தைப் பார்த்ததும், மதப் பிரச்சினைதான் மறுபடி கிளம்பிவிட்டது என்று நினைத்தாள். விஷயத்தைக் கேட்டபிறகு அவளுக்குக் கோபம் மகள்மேல் வந்தது.

"ஒரு சட்டிக்காகவோ பிள்ளை? அவன் ஆரையும் கொலை செய்தவனே? நீ பொலிசுக்குப் போனா அவன்ரை வாழ்க்கை அழிஞ்சுபோம். சனம் எங்களைக் காறித் துப்பும்."

அம்புறோஸ் இடையில் கேட்டார். "பொலிஸ் பிடிச்சு மறியலிலை வைச்ச மனிசனுக்குப் பிள்ளையள் இருக்கோ?"

"ஓம், அப்பா."

"நீ அவரின்ரை வீட்டிலை சாப்பிட்டனியோ?"

"ஓம்."

அவர் எழும்பி இரவு வேலைக்குப் போகச் சப்பாத்தைப் போட்டார். வாசலில் நின்று, "அப்ப நீ என்னட்டை என்னத்தைக் கேக்கிறாய்?" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஊட்டேயும் அவளும் சேர்ந்து பொலிசில் முறைப்பாடு செய்தார்கள். வந்து பேசுவதற்கு ஒரு Termin குறிப்பார்கள், பிறகு இன்னொன்று என்று மாதங்கள் போயின. வீலாண்ட், குவளை பழைய காலத்திலேயே ஐரோப்பாவுக்கு வந்தது என்பதற்குச் சான்று காட்டினார். காட்டில் கிடைத்த துண்டைக் குவளையோடு பொருத்திப் பார்க்க வேண்டும் என்று பேர்பெச்சுவா கேட்டாள். அதற்குள் குவளை அவர் வீட்டில் இல்லை. வெளிநாட்டில் ஒரு நண்பரிடம் இருப்பதாகச் சொன்னார். அதைத் திருப்பிக் கொண்டுவரச் சொல்லச் சட்டத்தில் வழி இல்லை என்றார்கள்.

கடைசியாக ஓர் அதிகாரி அவளைக் கூப்பிட்டுத் தயக்கத்தோடு பேசினார். நிசாந் தான் யாருக்கும் வரைபடம் காட்டவில்லை என்று சொல்லிவிட்டானாம். காரில் அப்படியொரு உரையாடல் நடக்கவே இல்லையாம். தான் கலியாணத்தைத் தள்ளிப்போட நினைத்ததால் அவள் வஞ்சம் தீர்க்கிறாளாம்.

பேர்பெச்சுவா அந்த அலுவலகத்தில் அழவில்லை. வெளியே வந்து பேருந்துத் தரிப்பிடத்தில் உட்கார்ந்தாள். தன்னுடைய பேருந்து வந்து போனதைக்கூடக் கவனிக்கவில்லை. கல்லறையைக் காட்டிக்கொடுத்தவனை ஒருவேளை என்றாவது மன்னித்திருப்பாள். வேலைக்கு ஏங்கிய ஒருவனின் பலவீனம் என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தும் இருக்கிறாள். ஆனால் அவன், காட்டில் கொசுவலைக்கு வெளியே உட்கார்ந்து கதைத்த அந்த மாலைகள் எல்லாவற்றையும் இல்லாததாக்கி, அவளை ஒரு பொய்க்காரியாக்கிவிட்டுப் போயிருந்தான். மோதிரத்தை அவனுடைய அம்மாவிடம் கொடுத்து அனுப்பினாள்.

வழக்கை மூடிவிட்டார்கள். ஒன்று மட்டும் நடந்தது. ஊட்டே குவாத்தமாலா அதிகாரிகளோடு விடாமல் பேசி, அன்செல்மோவின் பெயரை வழக்கிலிருந்து நீக்க வைத்தாள்.

2007இன் தொடக்கத்தில், அகழாய்வு ஆரம்பமாகும்முன், அந்தச் செய்தியைச் சொல்லப் பேர்பெச்சுவாவே அவருடைய வீட்டுக்குப் போனாள். அவர் முற்றத்தில் விறகு பிளந்துகொண்டிருந்தார். மாட்டுப் பண்ணையொன்றில் கூலிக்குப் போகிறாராம். தலை நரைத்திருந்தது. அவள் ஸ்பானிய மொழியில் எல்லாவற்றையும் சொன்னாள்: குவளையைக் கண்டதை, தான் கட்ட இருந்தவன்தான் இடத்தைக் காட்டிக்கொடுத்தான் என்பதை, அவர் பெயர் இனி எந்த வழக்கிலும் இல்லை என்பதை.

அவர் கோடரியைச் சாய்த்து வைத்துவிட்டுச் சொன்னார்.

"அந்தப் பையன் உங்களுக்குப் பொய் சொன்னான்."

"ஓம்" என்று தமிழில் வந்துவிட்டது. பிறகு ஸ்பானிய மொழியில் ஆம் என்றாள்.

"வலிக்கிறதா?"

"வலிக்கிறது."

"என்னைப் பொலிஸ் ஏற்றும்போது மற்றவர்கள் பேசாமல் நின்றது எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. அவர்களுக்கு என்னை அவ்வளவாகத் தெரியாது. நீங்கள் என் மனைவியின் கையால் சாப்பிட்டவர். அன்றைக்கு நீங்கள் என்ன சொன்னீர்கள்?"

"ஒன்றும் சொல்லவில்லை."

"ஆமாம்" என்றார் அன்செல்மோ. கோபமாகச் சொல்லவில்லை. மன்னிப்புக் கேட்க அவள் வாயெடுத்தபோது, காதில் விழுந்துவிட்டது என்பதுபோலத் தலையசைத்துவிட்டு மறுபடி கோடரியை எடுத்தார்.

அவருடைய மனைவி வாசலில் வந்து நின்று பார்த்தாள். உள்ளே வரச் சொல்லவில்லை.

பேர்பெச்சுவா முகாமுக்குத் திரும்பிப் போய் ஊட்டேயிடம், அவருக்குச் செய்தி சொல்லியாயிற்று என்று மட்டும் சொன்னாள். மறுநாள் காலை வேலைக்கு ஆள் கேட்டு அந்தக் கிராமத்துக்கு வண்டி அனுப்பினார்கள். அன்செல்மோ யாருடைய பழியைச் சுமந்தார் என்பது அதற்குள் ஊருக்குத் தெரிந்திருந்தது; வண்டி வெறுமையாகத் திரும்பி வந்தது. அந்த வருடம் அங்கிருந்து ஒருவரும் வரவில்லை. ஊட்டே ஆற்றுக்கு அப்பால் வேறொரு ஊரில் ஆள் பிடித்தாள். கொள்ளைக்காரர் வெளியே வாரிப்போட்ட மண்ணைச் சலிக்கிற வேலையைப் பேர்பெச்சுவா யாருக்கும் கொடுக்காமல், மழை வரும்வரை தானே செய்தாள்.