குதிரைக்கு வைத்த ஜன்னல்

...குதிரைக்குக் கடல் பார்க்க ஜன்னலாம், கேட்டீர்களா கதையை, குதிரை என்ன காலையில் எழுந்து கப்பல் எண்ணப் போகிறதா, ஆனால் இந்தப் பெண் அப்படித்தான் சொல்கிறாள், சொல்லிக்கொண்டே எழுதவும் எழுதுகிறாள், எழுதிவிட்டால் அது உண்மையாகிவிடும், எழுத்தை நான் என்றைக்கு நம்பினேன்... டேப்பின் ஒரு நுனியைக் கொடுத்துச் சுவரோடு அழுத்திப் பிடிக்கச் சொன்னாள், பிடித்திருக்கிறேன், அந்தப் பக்கம் அவள் என்ன எண்ணைப் படிக்கிறாளோ யார் கண்டது, அதனால் ஒவ்வொரு சுவரையும் நானும் ரகசியமாகக் காலடி வைத்து அளந்துகொண்டேதான் வருகிறேன், இதுவரை ஏமாற்றவில்லை, இனிமேலும் ஏமாற்ற மாட்டாள் என்று என்ன நிச்சயம்? அரசாங்கத்து ஆள். பங்களாவை வாங்கியவர்கள் இங்கே ஓட்டல் கட்டப் போகிறார்கள், எதையெல்லாம் பழசு என்று இவள் பட்டியலில் ஏற்றுகிறாளோ அதை அவர்கள் தொடக்கூடாது, ஏற்றாததை இடித்துத் தள்ளலாம். பங்களா தப்பிவிடும், அது எப்படியும் தப்பும், பெரிய இடம். பயமெல்லாம் பின்னால் இருக்கிற சில்லறைக் கட்டிடங்களுக்குத்தான், அதிலும் இந்தக் குதிரை லாயத்துக்கு, ஏனென்றால் காவல்காரனாக வந்த நாளிலிருந்து நாற்பத்தியொரு வருஷமாக நானும் என் மனைவியும் குடியிருப்பது இதில்தான்.

காலையில் பங்களாவுக்குள் நுழைந்ததும் அவள் வாயைப் பிளந்தாள், கடல் பக்கத்துச் சுவர் ஒரு முழத்துக்கு மேல் கனம், தரைக்குக் கீழே வளைவு வளைவாகத் திறந்து விட்டிருக்கிறது, அலை ஏறி வந்தால் வீட்டுக்கு அடியிலேயே புகுந்து அந்தப் பக்கம் போய்விடும், மொட்டை மாடியில் விழுகிற மழை ஒரு சொட்டு வீணாகாமல் நிலத்தடித் தொட்டிக்கு இறங்கும், கட்டினவர் கப்பல்காரர், தண்ணீரை அவரும் நம்பவில்லை, அந்த ஒரு விஷயத்தில் எனக்கு அவரைப் பிடிக்கும். அப்புறம் பின்பக்கம் வந்தோம், அங்கேதான் ஆரம்பித்தது. தீப்பிடித்தால் பங்களாவுக்குப் பரவாமல் இருக்கத் தள்ளிக் கட்டிய சமையல்கட்டு, தகரக் கூரை மாத்தியிருக்காங்க தாத்தா, இது பழசு இல்ல, என்று ஒரு குறுக்குக் கோடு. படகுக் கொட்டகை, பாதிச் சுவர் சிமெண்ட், இன்னொரு கோடு. பம்பு அறையை அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அடுத்தது லாயம்தான், பயத்தை முகத்தில் காட்டிக்கொள்ளவில்லை, காட்டினால் விலை பேசுவார்கள்.

லாயத்துக்குள் வந்தாள், கூரையைப் பார்த்தாள், உதட்டைப் பிதுக்கினாள், சரி முடிந்தது கதை, மூட்டை கட்ட வேண்டியதுதான், மகள் வீட்டில் மாடிப்படிக்குக் கீழே ஒரு கட்டில் போட இடம் இருக்கிறது என்று நினைக்கும்போதே அடுப்புக்குப் பக்கத்தில் ஜன்னலைக் கண்டாள், கண்டவள் அப்படியே குந்தி உட்கார்ந்துவிட்டாள். “தாத்தா, இது கப்பல் ஜன்னல்! பாருங்க, குதிரை தலையைக் குனிஞ்சா சரியா அதோட கண்ணுக்கு நேரா கடல்!” அடுப்படியில் நின்ற என் மனைவி சிரிப்பை அடக்க முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள், தோள் குலுங்குகிறது. அந்தக் கப்பல்காரர் அதை வட்டமாகக்கூட வைக்கவில்லையாம், வேண்டுமென்றே முட்டை மாதிரி வைத்திருக்கிறாராம், கடற்கரையிலிருந்து பார்த்தால் வட்டமாகத் தெரியுமாம். “இந்த ஒரு ஜன்னல் போதும் தாத்தா, லாயத்தை யாரும் தொட முடியாது.”

சந்தோஷப்பட வேண்டியதுதானே? பட்டேன், பொய் சொல்வானேன், குதிக்காத குறை. ஆனால் இல்லாத அந்தக் குதிரை அங்கே நின்று சிரித்துக்கொண்டிருக்கிறதே... கல்யாணமாகி வந்த புதிதில் லாயத்தில் ஒரே இருட்டு, “வெளிச்சம் இல்லாம சமைக்க நான் என்ன கழுதையா?” என்று என் மனைவி மூன்று நாள் என்னோடு பேசவில்லை, நாலாம் நாள் முதலாளி ஊரில் இல்லாத நேரம் பார்த்துக் கடப்பாரையை எடுத்தேன், அவளை அடுப்பு முன்னால் உட்கார வைத்து அவள் கண்ணுக்கு நேராகக் கரியால் கோடு போட்டு இடித்தேன், மூலையில் கிடந்த உடைந்த வண்டியின் சக்கரத்திலிருந்து இரும்புப் பட்டையைக் கழற்றிச் செருகினேன், மேலே செங்கல் கொஞ்சம் இறங்கிப் பட்டை நசுங்கிவிட்டது, முட்டைக்குக் காரணம் அதுதான், அது தெரியாமல் இருக்கச் சுண்ணாம்பைக் கையாலேயே அப்பினேன். எனக்குத் தெரிந்த கொத்து வேலை அவ்வளவுதான்.

“ஏம்மா, உப்புக் காத்து அடிக்கிற பக்கம் லாயத்துக்கு எந்த மடையன் ஓட்டை போடுவான்?” என்று கேட்டேன், சும்மாதான் கேட்டேன். “மடையன் இல்ல தாத்தா, கலைஞன்,” என்றாள். கலைஞன். இந்த வயசு வரை என்னை ஒருவரும் அப்படிச் சொன்னதில்லை, இப்போதும் என்னைச் சொல்லவில்லை, எவனோ செத்துப்போன கப்பல்காரனைச் சொல்கிறாள். “நான்தாம்மா போட்டேன், இவளுக்காக,” என்று வந்துவிட்டது வாயில். மனைவி கையிலிருந்த கரண்டி கீழே விழுந்தது. அந்தப் பெண் நிமிர்ந்து பார்த்தாள், பார்த்து, கலகலவென்று சிரித்தாள், “எந்தப் பழைய வீட்டுக்குப் போனாலும் காவல்காரத் தாத்தாக்கள் இதையேதான் சொல்றாங்க, ஒருத்தர் கோபுரத்தையே நான்தான் கட்டினேன்னார்!” சொல்லிவிட்டு எழுதி முடித்து வாசல் பக்கம் போய்விட்டாள்.

உலகத்தில் ஒருத்தரையும் நம்பாதவன் நான், என்னை ஒரு சின்னப் பெண் நம்ப மாட்டேன் என்கிறாள், விடுவேனா, இடுப்பிலிருந்து சாவியை உருவிச் சுவரில் வைத்தேன், ஒரு விரல் அகலம் சுரண்டினால் போதும், பட்டையும் அதில் ஆணி அடித்த ஓட்டையும் வெளியே வரும், அப்போது தெரியும் யார் கலைஞன் என்று. மனைவி பக்கத்தில் வந்து காதோடு, “சுரண்டுங்க, நல்லா சுரண்டுங்க, மக வீட்டு மாடிப்படிக்குக் கீழ எனக்கு ஒரு ஜன்னல் போடுவீங்கல்ல?” என்றாள். கை நின்றது. மனசில் பட்டதைப் பட்டென்று சொல்லிவிடுகிற ஆள் நான், அதனால்தான் பாதிப்பேருக்கு என்னைப் பிடிக்காது என்று இத்தனை வருஷம் பெருமையாகச் சொல்லித் திரிந்தேனே... இப்போது வாயைத் திறந்தது உண்மைக்காகவா, கலைஞன் என்கிற அந்த ஒரு வார்த்தைக்காகவா? அப்படியானால் இதற்கு முன்னால் திறந்ததெல்லாம்?

“என்ன தாத்தா, சுவர்ல ஏதாவது இருக்கா?” என்று வாசலில் இருந்து அந்தப் பெண் கேட்கிறாள்.

“ஒண்ணுமில்லம்மா, கை அரிக்குது,” என்றேன். சாவியை இன்னும் சுவரிலிருந்து எடுக்கவில்லை.