ஏசியை அமத்துனது யாரு

விருதுநகர் பைபாஸ் ஓரத்தில் கார் ஏசி கடை வைத்திருந்த புகழேந்திக்கு, கண்முன்னால் நிற்கிற வண்டியில் என்ன கோளாறு இருந்தாலும் கண்டுபிடித்துவிடலாம் என்ற நம்பிக்கை இருந்தது. பத்திரகாளியம்மாளின் வெள்ளைக் கார் அந்த நம்பிக்கையில் கைவைத்தது. கடைக்கு வரும்போதெல்லாம் அதில் கோளாறே இருக்காது.

பத்திரகாளியம்மாளுக்குச் சிவகாசிக்குப் பக்கத்தில் பட்டாசுக் கம்பெனி. கணவர் இறந்த பிறகு தானே பொறுப்பெடுத்து நடத்திவந்தார். லைசென்ஸ் விஷயமாகச் சூலக்கரை கலெக்டர் ஆபீசுக்கும், பழைய பாக்கியை வசூலிக்க ஆனைக்குட்டத்துக்கும் ஓயாத அலைச்சல். சித்திரை வெயிலில் போகிற வழியில் ஏசி பொசுக்கென்று அனல் ஊதத் தொடங்கும். அப்புறம் தானாகவே குளிரும்.

முதல் தடவை புகழேந்தி கேஸ் நிரப்பி அனுப்பினான். அடுத்த தடவை ஏசி கம்ப்ரஸருக்குக் கரண்ட் கொடுக்கிற ரிலேயை மாற்றினான். வண்டி மறுபடியும் வந்தபோது டிரைவர் வேலுச்சாமியைத் தனியே கூப்பிட்டு விசாரித்தான்.

"அண்ணே, எப்ப எப்ப நிக்குது?"

வேலுச்சாமி சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுச் சொன்னார். "சொன்னா சிரிக்கக் கூடாது. அம்மா செல்போன்ல பேசுனா நிக்குது."

புகழேந்தி சிரிக்கவில்லை. கடை நிழலில் பானெட்டைத் திறந்து வைத்து, தன்னுடைய செல்போனை எடுத்து, டேஷ்போர்டுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அரைமணி நேரம் மாமனாரிடம் பேசிப்பார்த்தான். ஏசி குளிர்ந்துகொண்டே இருந்தது. மருமகனுக்குத் தன்மேல் திடீரென்று என்ன பாசம் என்று மாமனார்தான் கவலைப்பட்டார்.

சேதி எப்படியோ பத்திரகாளியம்மாள் காதுக்குப் போய்விட்டது. மறுநாளே கடைக்கு வந்து இறங்கினார்.

"நான் பேசுறதுதான் கோளாறாம். போன மாசம் லீவு கேட்டான், குடுக்கல. அந்தக் கோவத்துல இவனே ஏசிய அமத்திட்டு என்மேல பழியப் போடுறான். வண்டியில கோளாறு இருக்கா இல்லையா, நீ சொல்லு தம்பி."

வேலுச்சாமி கைகட்டி நின்றுகொண்டிருந்தார். 'தெரியலை' என்று சொல்லப் புகழேந்திக்கு வாய் வரவில்லை.

"நான் பாத்த வரைக்கும் வண்டியில ஒண்ணுமில்லம்மா."

அது பொய்யில்லை. ஆனால் அந்த ஒரு பேச்சில் வேலுச்சாமியின் கையிலிருந்து கார்ச் சாவி போய், கம்பெனி லோடு லாரியின் சாவி வந்தது. அவர் புகழேந்தியைப் பார்க்காமலே கிளம்பிப் போனார். அன்றைக்கு மத்தியானம் புகழேந்தி சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டான். குழம்பில் உப்பு கூடிவிட்டது என்று மனைவியிடம் சொன்னான். அவள் ருசி பார்த்துவிட்டு, உப்பு சரியாகத்தான் இருக்கிறது என்றாள்.

புது டிரைவராகக் காமராஜ் சேர்ந்தான். அடுத்த வாரமே பத்திரகாளியம்மாளிடமிருந்து போன் வந்தது.

"தம்பி, இவனும் அமத்துறான். ரெண்டு பேரும் பேசி வச்சிருக்கானுக."

இந்தத் தடவை தலையாட்டப் புகழேந்திக்கு மனசு வரவில்லை. "நாளைக்கு நானும் வண்டியில வர்றேம்மா. எங்க போனாலும் சரி" என்றான்.

காமராஜுக்குப் பக்கத்தில் டெஸ்ட் லாம்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். பின்சீட்டில் பத்திரகாளியம்மாள். சூலக்கரை போகும்வரை குளிர்ந்தது. சிவகாசிக்குத் திரும்புகிற வழியெல்லாம் குளிர்ந்தது. காமராஜின் கை ஏசி பொத்தான் பக்கம் போகிறதா என்று பின்னாலிருந்து பார்வை விலகவேயில்லை. அவன் கியர் மாற்றவே பயந்தான்.

ஊருக்குள் நுழையும்போது ரயில்வே கேட் அடைத்துவிட்டது. முன்னால் லாரிகள், பக்கத்தில் பஸ், எல்லா இஞ்சின்களும் அனல் கக்கின. பத்திரகாளியம்மாள் போனை எடுத்தார். ஓடுகிற வண்டியில் சத்தம் கேட்காது என்று, எங்கே நின்றாலும் உடனே போன் பேசுவது அவர் வழக்கம். அச்சாபீசில் லேபிள் ஆர்டர் என்னவாயிற்று என்று அவர் அதட்டிக்கொண்டிருக்கும்போது காற்றில் குளிர் போயிற்று.

"பாத்தியா!" என்றார் காமராஜைப் பார்த்து. அவன் இரண்டு கையையும் மேலே தூக்கிக்கொண்டான்.

புகழேந்தி கீழே குதித்து பானெட்டைத் திறந்தான். கம்ப்ரஸருக்குப் போகிற வயரில் டெஸ்ட் லாம்பை வைத்தான். எரிந்தது. கரண்ட் வருகிறது. ஆனால் கம்ப்ரஸரின் முகப்பில் சுற்ற வேண்டிய தட்டு சும்மா நின்றது. ரோட்டோரத்தில் கிடந்த குச்சியை எடுத்து, சுற்றுகிற பெல்ட்டில் படாமல், அந்தத் தட்டை உள்ளே தள்ளினான். டக்கென்று ஒட்டிக்கொண்டு சுற்றியது. அதற்குள் பஸ்ஸில் இருந்த பாதிப்பேர் ஜன்னல் வழியே எட்டிப்பார்த்தார்கள்.

"வந்துருச்சு, வந்துருச்சு" என்றார் பத்திரகாளியம்மாள் உள்ளேயிருந்து.

அவன் கண்ணாடியோரம் போய் நின்று சொன்னான். "அந்தத் தட்டக் காந்தம் இழுத்துப் பிடிக்கணும்மா. தேஞ்சு போயி இடைவெளி கூடிருச்சு. வண்டி நின்னு சூடு ஏறுனா காந்தத்துக்கு இழுக்கத் தெம்பில்ல. ஓடுனா காத்துப் பட்டு ஆறிரும், தானாப் பிடிச்சிக்கிரும். என் கடையில நிழல்ல பானெட்டத் தொறந்து வச்சா சூடே ஏறாது, அதான் அங்க நல்லா இருக்கு."

"அப்ப வேலுச்சாமி?"

"அவரு ஒண்ணும் பண்ணலம்மா. எனக்குத் தெரியலன்னு அன்னைக்கே சொல்லிருக்கணும். சொல்லல."

ரயில் வந்தது. பத்திரகாளியம்மாள் போனை அணைத்துப் பைக்குள் போட்டார். கேட் திறந்ததும் காமராஜிடம், "கம்பெனி குடோனுக்குப் போ" என்றார்.

வேலுச்சாமி லாரிக்கு அடியில் நிழலில் படுத்திருந்தார். முதலாளியம்மாளைப் பார்த்ததும் எழுந்து வேட்டியைச் சரிசெய்தார்.

"கோளாறு வண்டியிலதான். நாளைல இருந்து காருக்கு வந்துரு."

வேலுச்சாமி யோசித்தார். "லாரியில ஏசியே இல்லம்மா. நின்னுச்சான்னு யாரும் கேக்குறதில்ல. நிம்மதியா இருக்கு."

பத்திரகாளியம்மாள் கோபப்படுவார் என்று புகழேந்தி எதிர்பார்த்தான். அவர் தலையை மட்டும் ஆட்டினார். "சரி. அந்த லீவையாவது எடுத்துக்க."

"அண்ணே" என்று புகழேந்தி ஆரம்பித்தான்.

"மாமனார் நல்லா இருக்காகளா?" என்று கேட்டுவிட்டு வேலுச்சாமி மறுபடி லாரிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டார்.

அன்று சாயங்காலம் புகழேந்தி கடையில் வைத்து, அந்தத் தட்டும் காந்தமும் சேர்ந்த கிளச்சைக் கழற்றி, உள்ளே இருந்த மெல்லிய வாஷர்களில் ஒன்றை எடுத்துவிட்டு, இடைவெளியைக் குறைத்து மாட்டினான். அப்புறம் அந்தக் கார் நிற்கும்போதும் குளிர்ந்தது. மறுநாள் காலையில், வேலுச்சாமியிடம் சொல்ல வந்ததைச் சொல்லி முடிக்கச் சிவகாசி பஸ் ஏறி, குடோனுக்கு முன்னால் இறங்கினான். வேலுச்சாமி இன்னும் லீவு எடுக்கவில்லை, லோடு ஏற்றிக்கொண்டு லாரியில் போய்விட்டிருந்தார். திரும்பி வரும்வரை அங்கேயே நின்றான்.