ஒன்பதாம் வகுப்பில் ஓர் ஆட்டு இரைப்பை

பக்கத்து அறையில் பிள்ளைகள் கைதட்டும் சத்தம் கேட்டது. காயத்ரி டீச்சரின் கையிலிருந்த சாக்பீஸ் அப்படியே நின்றது. அவள் கரும்பலகையில் வரைந்திருந்த ஆட்டின் நாலு அறை இரைப்பையை அவளுடைய வகுப்பு கொட்டாவி விட்டபடி பார்த்துக்கொண்டிருந்தது.

நெய்வேலி டவுன்ஷிப்பின் அந்தப் பள்ளியில் பல வருஷமாக உயிரியல் என்றால் காயத்ரிதான். பக்கத்து அறையில் ‘பி’ செக்‌ஷனுக்கு உயிரியல் எடுக்கும் வெண்மதி இந்த ஜூனில்தான் பக்கத்து ஊரான வடக்குத்திலிருந்து கான்ட்ராக்டில் வந்து சேர்ந்தாள். அதற்குள் ‘ஏ’ செக்‌ஷன் பிள்ளைகள் ‘பி’ செக்‌ஷனுக்கு மாற முடியுமா என்று கேட்கத் தொடங்கியிருந்தார்கள்.

இடைவேளையில் காயத்ரி அந்த அறையை எட்டிப் பார்த்தாள். மேசைமேல் வாழையிலை, அதில் கழுவி வெளுத்த ஆட்டு இரைப்பை.

“கறிக்கடையில சொல்லிவச்சி வாங்கினேங்க மேடம்” என்று வெண்மதி சிரித்தாள்.

“நல்லா இருக்கு” என்ற காயத்ரிக்கு உள்ளே பற்றி எரிந்தது.

நேராகத் தலைமையாசிரியை சந்திராவிடம் போனாள். “சைவப் பிள்ளைங்களும் இருக்காங்க மேடம். வாடை வேற. நாளைக்கு பேரன்ட்ஸ் வந்து நின்னா என்ன சொல்றது?” சொன்னதில் பொய் இல்லை. ஆனால் குரலில் இருந்த தித்திப்பு அவளுக்கே தெரிந்தது.

சந்திரா யோசித்தார். “சரிதான். பிடிக்காத பிள்ளைங்க லைப்ரரிக்குப் போகட்டும். நாளைக்கு ரெண்டு செக்‌ஷனையும் லேப்ல ஒண்ணா உட்கார வைங்க. சீனியர் நீங்க கூட நின்னா யாரும் கேள்வி கேக்க மாட்டாங்க.”

தடுக்க வந்த காயத்ரி தலையாட்டிவிட்டு வெளியே வந்தாள்.

மறுநாள் லேபில் கைகளைக் கட்டிக்கொண்டு ஓரமாக நின்றாள். “மேடம், இந்தப் பக்கம் கொஞ்சம் பிடிச்சிக்கிறீங்களா?” என்று வெண்மதி கையுறையை நீட்டினாள். மறுக்க முடியவில்லை. எத்தனையோ முறை வரைந்ததை முதன்முறையாகத் தொட்டாள். பெரிய பையின் உட்புறம் துவாலை போலச் சொரசொரத்தது. அடுத்தது அச்சாகத் தேன்கூடு. மூன்றாவதில் விரல் மடிப்பு மடிப்பாக உள்ளே போய்க்கொண்டே இருந்தது. ஒரு நிமிஷம் எல்லாம் மறந்தது. நிமிர்ந்தபோது பிள்ளைகளின் கண்கள் வெண்மதிமேல் இருந்தன. மறந்தது திரும்பி வந்தது.

விஷ்ணு என்ற பையன் எழுந்தான். “மிஸ், முயலும் புல்லுதானே திங்குது? அதுக்கும் நாலு ரூமா?”

“எனக்குச் சரியா தெரியலியேப்பா. மேடத்தக் கேளு” என்றாள் வெண்மதி.

தெரியாது என்பதை இவ்வளவு லேசாகச் சொல்ல காயத்ரிக்கு ஒருநாளும் வந்ததில்லை. அதற்கும் பொறாமையாக இருந்தது.

“முயலுக்கு ஒரே இரைப்பைதான். புல்லை நொதிக்க வைக்கிற பை, சிறுகுடல் முடிஞ்ச பிறகு வருது. அங்க உண்டாகிற சத்து அப்படியே வெளிய போயிடும் இல்லையா? அதனால மெத்துமெத்துனு வர்ற புழுக்கைய அதுவே வாயால எடுத்து மறுபடி தின்னுடும்.”

“ச்சீ!” என்று லேப் முழுக்க ஒரே கூச்சல்.

“நமக்குத்தான் ச்சீ. முயலுக்கு அது ரெண்டாவது சாப்பாடு.”

சிரிப்பும் கைதட்டலும் எழுந்தன. காயத்ரியின் முகம் மலர்ந்தது. அதற்குள் ஒரு பெண் வெண்மதி பக்கம் திரும்பினாள். “மிஸ், அடுத்த வாரம் முயல் கொண்டாருவீங்களா?”

“நான் கொண்டு வரேன்” என்று காயத்ரி முந்திக்கொண்டாள்.

சாயங்காலம் பஜாரில், கூண்டுகள் அடுக்கியிருந்த கடைமுன் ஸ்கூட்டியை நிறுத்தினாள்.

“ஜோடியா தரட்டுங்களா?” என்றார் கடைக்காரர்.

“ஒண்ணு போதும்” என்றவள், வெண்மதியாக இருந்தால் எத்தனை வாங்கியிருப்பாள் என்று யோசித்தாள்.

“இல்ல, ஜோடியாவே குடுங்க.”