கடைசி யாரு?

பக்கத்து வீட்டு நியூர்கா வீட்டைக் காலி செய்கிறாள் என்று கேள்விப்பட்டதும் மிக்தாலியாவுக்கு முதலில் வந்தது சந்தோஷம். ஒழிந்தது பீடை என்று ஒரு வாய் காப்பி குடித்தாள். இரண்டாவது வாய்க்குள் வயிறு எரிய ஆரம்பித்துவிட்டது. ஒழிந்து எங்கே போகிறாள்? கடல் தாண்டி மயாமிக்கு அல்லவா போகிறாள்! மகள் விமானச் சீட்டு அனுப்பி, ராணி மாதிரி அழைத்துக்கொள்கிறாள். மிக்தாலியாவுக்கும் ஒரு மகன் இருக்கிறான், இதே கைபரியென் ஊரில், நாலு தெரு தள்ளி. அந்த நாலு தெருவைத் தாண்டி வர அவனுக்கு மாதம் ஒருமுறைதான் நேரம் கிடைக்கிறது.

இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். இரண்டு பேருக்கும் ஒரே வயது, ஐம்பத்தெட்டு. சுவருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டு மிக்தாலியா பொறாமைப்படாத பொருள் அந்த வீட்டில் கிடையாது. ரஷ்ய ஃப்ரிட்ஜைப் பார்த்துப் பொறாமை. கொல்லை மாமரத்தைப் பார்த்துப் பொறாமை. நியூர்காவின் புருஷனைப் பார்த்துக்கூடப் பொறாமை, அந்தப் புண்ணியவான் ஒரு தபால்காரியோடு ஓடிப்போகிற வரைக்கும். ஆனால் இந்தப் பொறாமைகளுக்கெல்லாம் தாய்ப்பொறாமை ஒன்று உண்டு. அது ஒரு பொம்மை.

அந்தக் காலத்தில் பொம்மைக்கும் ரேஷன். வருடத்துக்கு ஒரே தடவை, ஜூலை மாதத்தில், ஒரு குழந்தைக்கு மூன்று சாமான்: ஒன்று பெரியது, இரண்டு சின்னது. கடைக்கு எந்த நாள் போகலாம் என்பதைக் குலுக்கல் சீட்டு சொல்லும். முதல் நாள் சீட்டு விழுந்த வீட்டில் சைக்கிள் மணி அடிக்கும். ஆறாம் நாள் விழுந்த வீட்டில் பிங்பாங் பந்தும் ஒப்பாரியும்தான். அந்த வயதுக்காரர்கள் நாலு பேர் சேர்ந்தால் இன்றைக்கும் உருகுவார்கள். "உனக்கு ஞாபகம் இருக்கா, அந்தத் தகர ரயிலு? அந்தச் சக்கரக் காலணி?" என்று ஆரம்பித்துவிட்டால் விடிய விடியப் பேசுவார்கள். மிக்தாலியா மட்டும் எழுந்து போய்விடுவாள்.

எழுபத்து நாலாம் வருடம் இரண்டு வீட்டுக்குமே மூன்றாம் நாள் சீட்டு விழுந்தது. இரண்டு நாள் ஊரே சூறையாடிய கடையில், கண்ணாடிக்குப் பின்னால் ஒரே ஒரு பொம்மை மிஞ்சியிருந்தது. கையைப் பிடித்தால் நடக்கும். படுக்கவைத்தால் கண்ணை மூடும். சிவப்பு கவுன், தலையில் வெள்ளை ரிப்பன். எட்டு வயது மிக்தாலியா அதற்குப் பெயரே வைத்துவிட்டாள்.

இந்த நாட்டில் வரிசை என்றால் ஒருவர் முதுகை ஒருவர் பார்த்து நிற்பதல்ல. வருகிறவர் "கடைசி யாரு?" என்று கேட்பார். கடைசியாக வந்தவர் "நான்தான்" என்பார். அந்த முகத்தை ஞாபகம் வைத்துக்கொண்டால் போதும், அப்புறம் நிழல் பார்த்து எங்கே வேண்டுமானாலும் உட்காரலாம். யாராவது வந்து கேட்கும்போது "நான்தான்" என்று சொல்லாமல் விட்டால் இடம் போச்சு. சாமியே வந்தாலும் திரும்பக் கிடைக்காது.

மிக்தாலியாவின் அம்மா எல்விரா அன்றைக்கு இடம் பிடித்துவிட்டு, ரொட்டிக் கடைக்கு ஓடும் முன் சொன்னாள்: "இதோ பாரு கண்ணு, நமக்கு முன்னாடி அந்தக் குடைக்காரம்மா. யாராச்சும் வந்து கடைசி யாருன்னு கேட்டா நான்தான்னு சொல்லணும். அவ்வளவுதான். சொல்லுவியா?"

"சொல்றேம்மா."

அம்மா போன இரண்டாம் நிமிடம் வந்தது யார்? பக்கத்து வீட்டு ஹோர்டென்சியா. கையில் நியூர்காவைப் பிடித்துக்கொண்டு வந்தாள். நியூர்காவின் கண் நேரே கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பொம்மைமேல் போய் நின்றது. மிக்தாலியா அதைப் பார்த்துவிட்டாள்.

"கடைசி யாரு?" என்று கேட்டாள் ஹோர்டென்சியா.

மிக்தாலியா கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு வாயை இறுக்கி மூடிக்கொண்டாள். எட்டு வயதுப் புத்தி என்ன சொன்னதென்றால், நாம் பதில் சொல்லாவிட்டால் இவர்களால் வரிசையிலேயே சேர முடியாது. இவர்கள் வீட்டுக்குத் திரும்பிப் போகட்டும். பொம்மையைப் பார்க்கக்கூட வேண்டாம்.

"கடைசி யாருங்க?" ஹோர்டென்சியா மறுபடி சத்தமாகக் கேட்டாள்.

குடைக்காரம்மா சுற்றுமுற்றும் பார்த்தாள். "எனக்குப் பின்னாடி ஒருத்தி இருந்தா, போயிட்டா போல. அப்ப நான்தான் கடைசி."

தீர்ந்தது. இனி வாயைத் திறந்தால் முதல் தடவை ஏன் திறக்கவில்லை என்று கேட்பார்கள். மிக்தாலியா திறக்கவில்லை. குடைக்காரம்மா சாமான் வாங்கிக்கொண்டு கிளம்பிவிட, அடுத்து ஹோர்டென்சியா உள்ளே நுழைகிற நேரத்தில் எல்விரா ரொட்டியோடு ஓடி வந்தாள். அவ்வளவுதான், தெரு அதிர்ந்தது.

"கேட்டாங்களாடி? கடைசி யாருன்னு கேட்டாங்களா?" என்று மகளைப் பிடித்து உலுக்கினாள் எல்விரா.

"கேக்கவே இல்லம்மா. சும்மா புகுந்துட்டாங்க."

பொம்மை சுவருக்கு அந்தப் பக்கம் போனது. மிக்தாலியாவுக்கு ஒரு சிவப்பு டிராக்டர் கிடைத்தது. கூடவே சின்னச் சாமானாக ஒரு ஸ்கிப்பிங் கயிறும், ஒரு டப்பா யாக்கியும். யாக்கி என்றால் சொட்டாங்கல் மாதிரிதான். கல்லுக்குப் பதில் முள் முள்ளாய்ப் பத்து இரும்புக் காய், தட்டிவிட்டு அள்ள ஒரு ரப்பர் பந்து. எல்விரா சாகும்வரை ஹோர்டென்சியாவைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "திருடி" என்றுதான் சொன்னாள். மகள்களுக்கும் பேச்சு நின்றது. அதன் பிறகு ஐம்பது வருடத்தில் "தண்ணி வந்துச்சா?" "வரல" என்பதைத் தாண்டி அவர்கள் பேசியது கிடையாது.

சனிக்கிழமை காலை நியூர்கா வாசலில் சாமான்களைப் பரப்பினாள். மின்விசிறி, குக்கர், ஆடும் நாற்காலிகள். இரண்டு பொருள் தெருவுக்கு வந்தால் இந்த ஊரில் வரிசை தானாக முளைத்துவிடும். அந்தப் பக்கம் தலை வைத்தும் படுப்பதில்லை என்றிருந்த மிக்தாலியா, குப்பை கொட்டுகிற சாக்கில் ஒரு எட்டு எட்டிப் பார்த்தாள். திறந்திருந்த கதவுக்குள்ளே, நடுக்கூடத்துச் சுவரில், ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது பொம்மை. அதே சிவப்பு கவுன். குப்பை வாளியோடு அப்படியே வரிசைக்குப் போனாள்.

"கடைசி யாரு?"

"நான்தான் அக்கா," என்றான் சைக்கிளோடு நின்ற ஒருவன்.

அவளுக்கு முன்னால் ஆறு பேர். ஒவ்வொருத்தரும் உள்ளே போய் வெளியே வரும்போது மிக்தாலியா அவர்கள் கையைப் பார்த்தாள். குக்கர் போனது, உயிர் வந்தது. நாற்காலி போனது, நிம்மதி. ஒருத்தி சிவப்பாக எதையோ தூக்கிக்கொண்டு வர, மிக்தாலியா வாளியோடு ஒரு அடி முன்னால் பாய்ந்தாள். அது வெறும் மேசைத்துணி. அந்த நேரத்தில் பின்னால் ஒரு குரல் கேட்டது.

"கடைசி யாருங்க?"

"நான்! நான்தான் கடைசி!" மிக்தாலியா போட்ட கூச்சலில் சைக்கிள்காரன் திடுக்கிட்டுத் திரும்பினான்.

உள்ளேயிருந்து நியூர்கா தலையை நீட்டிப் பார்த்தாள். அவள் உதட்டில் ஒரு சிரிப்பு வந்து போனது.

மிக்தாலியாவின் முறை வந்தது. பொம்மை இன்னும் ஆணியில்தான் இருந்தது. கிட்டே போய்ப் பார்த்தால், அதன் மேல் பழுப்பேறிய பிளாஸ்டிக் உறை. கடையில் கட்டிய ரிப்பன் முடிச்சு கட்டினபடியே இருந்தது.

"இதைப் பிரிக்கவே இல்லியாடி?" மிக்தாலியா உறையை விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"பிரிக்கறதா? எங்கம்மா விட்டுடுவாளா? கிழிஞ்சா வேற கிடைக்குமான்னு அன்னிக்கே ஆணியில மாட்டிட்டா. பொறந்த நாளுக்கு மட்டும் கீழ எறக்கிக் காட்டுவா. ஒரு நாள்கூட அது நடந்து நான் பாத்ததில்ல."

மிக்தாலியாவுக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "அடிப் பாவி! ஆணியில தொங்கற பொம்மைக்கா நான் ஐம்பது வருஷம் வெந்து செத்தேன்?"

"நீ மட்டுமா வெந்தே? சாயங்காலமானா தெருப் புள்ளைங்களைக் கூட்டி வச்சிட்டு, நடைபாதையில உக்காந்து டக்கு டக்குனு யாக்கி ஆடுவியே, அப்ப நான் ஜன்னல் கம்பியைப் புடிச்சிட்டு நின்னது உனக்குத் தெரியுமா? நானும் போறேம்மான்னு அழுவேன். நம்மளைத் திருடிங்கறவ பொண்ணோடயான்னு முதுகுல ஒண்ணு வைப்பா."

மிக்தாலியா வாளியைக் கீழே வைத்தாள். ஐம்பது வருடம் பல்லுக்குப் பின்னால் இருந்தது இப்போது நாக்கு நுனிக்கு வந்தது. "நியூர்கா... அன்னிக்கு உங்கம்மா கேட்டது என் காதுல விழுந்துச்சு."

"தெரியும். நான் உன்னைத்தானே பாத்துட்டு இருந்தேன். வாயை இப்படி இறுக்கி மூடிட்டு நின்னே."

"தெரிஞ்சும் ஏன்டி சொல்லல?"

"சொன்னா பொம்மை உனக்குல்ல போயிருக்கும்!"

வாசலில் சத்தம் கேட்டது. "உள்ள என்னம்மா, கல்யாணமா பேசறீங்க? வெயில்ல நிக்கறோம்ல!"

நியூர்கா ஆணியிலிருந்து பொம்மையை எடுத்தாள். "காசு வேணாம். அந்த யாக்கி டப்பாவைக் குடு, இதை எடுத்துட்டுப் போ."

நியாயமான பேரம்தான். ஆனால் நியூர்காவின் கண்ணில் அந்த ஆசையைப் பார்த்ததும் மிக்தாலியாவுக்கு உள்ளே ஏதோ இறுகிக்கொண்டது. மயாமியும் உனக்கு, யாக்கியும் உனக்கா?

"அது எப்பவோ தொலைஞ்சு போச்சு," என்றாள்.

நியூர்கா நடுச்சுவரை ஒரு முறை பார்த்தாள். "சரி. பரவால்ல, நீயே வச்சுக்கோ," என்று பொம்மையை வாளியின் மேல் வைத்தாள்.

வீட்டுக்கு வந்து கதவைத் தாழ்ப்பாள் போட்டுவிட்டு மிக்தாலியா உறையைக் கிழித்தாள். பொம்மையின் கையைப் பிடித்து ஒரு அடி நடத்தினாள். உள்ளே இருந்த ரப்பர் எப்போதோ இற்றுப்போயிருந்தது. இடது கால் கழன்று தரையில் உருண்டது. கட்டிலுக்கு அடியிலிருந்து யாக்கி டப்பாவை எடுத்துப் பொம்மைக்குப் பக்கத்தில் வைத்தாள். இரண்டும் இப்போது அவளுடையவை. சந்தோஷம் வரும் என்று சாயங்காலம் வரை காத்திருந்தாள். வரவில்லை. வந்ததெல்லாம் எரிச்சல்தான். கேட்டது கிடைக்காமலே தூக்கிக் கொடுத்துவிட்டுப் போகிறாளே, கொடுக்கிற இடத்திலும் இவள்தான் உசத்தியா?

மறுநாள் காலை பழைய செவ்ரோலே கார் ஒன்று நியூர்காவின் வாசலில் வந்து நின்றது. பெட்டிகள் ஏறின. கதவு சாத்துகிற சத்தம் கேட்டதும் மிக்தாலியா டப்பாவைத் தூக்கிக்கொண்டு செருப்புகூடப் போடாமல் ஓடி வந்தாள். மூச்சு வாங்க ஜன்னலுக்குள் நீட்டினாள்.

"இந்தா. தேடினேன், கெடச்சுது."

"நல்லாத் தேடினே போ! கரண்டு போற மத்தியானமெல்லாம் இந்தச் சுவத்துக்கு அந்தாண்ட தனியா உக்காந்து டக்கு டக்குனு ஆடறவ யாருடி? எனக்கென்ன காது செவிடா?"

மிக்தாலியாவுக்கு முகம் சிவந்தது. நியூர்கா மூடியைத் திறந்தாள். காய்களை ஒரு விரலால் தள்ளிப் பார்த்தாள். பிறகு வெடிப்பு விட்ட அந்த ரப்பர் பந்தை மட்டும் எடுத்துக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு, டப்பாவை மூடித் திருப்பிக் கொடுத்தாள்.

"காய் உனக்கு, பந்து எனக்கு."

"பந்து இல்லாம எப்படிடி ஆடறது?"

"ஆடாதே. என்னை விட்டுட்டு நீ ஆடினதெல்லாம் போதும்."

வண்டி புறப்பட்டது.

"அடியே திருடி! பந்தைக் குடுடி! திருடி!" மிக்தாலியா டப்பா குலுங்கக் குலுங்க வண்டிக்குப் பின்னால் ஓடினாள். முழங்கால் இரண்டும் அலறின. பின்கண்ணாடியில் நியூர்கா திரும்பிப் பந்தைத் தூக்கிக் காட்டினாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை. வண்டி கடற்கரைச் சாலையில் திரும்பிவிட்டது.

தெருமுனை ரொட்டிக் கடை வரிசையிலிருந்து ஒருத்தி கேட்டாள்: "என்னத்தைக்கா திருடிட்டுப் போறா?"

"பந்து," என்றாள் மிக்தாலியா. "பந்தை எடுத்துட்டுப் போறா, படுபாவி. இனி நான் யாரு கேக்கறதுக்கு ஆடுவேன்?" என்று டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு நடைபாதையிலேயே உட்கார்ந்து அழுதாள்.