முடி முளைத்த முகவரிகள்

எழுத்து டீச்சர் இறந்த பதினேழாம் நாள், அவள் கைப்பட முகவரி எழுதி வைத்திருந்த அறுபத்து நான்கு உறைகளிலும் எழுத்துகளுக்கு முடி முளைத்தது. காலையில் இரண்டு நாள் தாடி அளவுக்கு இருந்தது. சாயங்காலத்துக்குள் விரல் நீளம் வந்துவிட்டது. பேனா அழுந்தி இறங்கிய தடித்த கோடுகளில் மட்டுமே முளைத்தது. மேலே ஏறிய மெல்லிய கோடுகள் மொட்டையாக இருந்தன. அதனால் 'ப'வுக்கு இடப்பக்கம் மட்டும் கிருதா. 'ழ'வின் வாலில் ஒரு குடுமி. அவள் கணவன் உறைகளை இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்துச் செய்தித்தாளில் பரப்பினான். கை கழுவினான். இன்னொரு முறை கழுவினான். பிறகு சமையலறைத் தொட்டியில் வாந்தி எடுத்தான்.

அவனுக்குக் குடிதண்ணீரைப் பரிசோதிக்கும் கூடத்தில் வேலை. அங்கே குப்பியில் ஒரு முடி விழுந்தாலும் அந்தக் குப்பி வீண். வீட்டிலோ அவளுடைய முடி எங்கும் இருந்தது: சோப்பில் ஒட்டியபடி, தலையணையில் சுருண்டபடி, குளியலறைச் சாக்கடை வாயில் செத்த எலி போலத் திரண்டபடி. கல்யாணமான நாலு வருடத்தில் அவர்கள் போட்ட சண்டையில் பாதி இதைப் பற்றியதுதான். கடைசியாகப் போட்டதும் இதைப் பற்றித்தான். ஒரு காலை அவன் தட்டில் ஒரு முடி கிடந்தது. அவன் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து வேலைக்குப் போனான். அன்று மதியம் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. நான்காம் நாள் முடிந்துவிட்டது. இடையில் இருவரும் மாத்திரை, தண்ணீர் தவிர வேறெதுவும் பேசிக்கொள்ளவில்லை.

சனிக்கிழமைதோறும் அவள் முன்னறையில் புதியவர்களுக்கு வகுப்பு எடுத்தாள். மருந்துக் கடைக்காரர் மனைவி, ஓய்வுபெற்ற நடத்துநர் என்று மொத்தம் ஏழு பேர். அழகெழுத்து, புத்தகக் குறி, மடித்தால் எழுந்து நிற்கும் வாழ்த்து அட்டை, ஒட்டாமலே நிற்கும் காகிதப் பெட்டி. கடைசியாக உறை. சதுரத் தாளைச் சாய்த்து வைத்து, மூன்று முனைகளை நடுவில் சேர்த்துப் பசை தடவி, நாலாவதை மூடியாக விட்டுவிட வேண்டும். அப்படி நூற்றெண்பது உறைகளை ஏழு பேரும் மடித்துத் தந்திருந்தார்கள், டீச்சரின் தங்கை கல்யாணத்துக்காக. முகவரி அத்தனையும் தானே எழுதுவதாக டீச்சர் தங்கைக்கு வாக்குக் கொடுத்திருந்தாள். நூற்றுப் பதினாறு பாக்கி. கல்யாணத்துக்கு ஐந்து வாரம் இருந்தது. மூன்று வாரத்துக்குள் தபாலில் சேர்த்தாக வேண்டும்.

தங்கை வந்து பார்த்தாள்.

"என்ன மாமா, கம்பளிப்பூச்சிக்கா கல்யாணம்?" என்று சிரித்தவள், ஓர் உறையைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்ததும் நிறுத்தினாள். "அக்கா முடி இது. நுனி செம்பட்டையா இருக்கு பாருங்க."

"நான் பாக்கல. கீழ வை. எல்லாத்தையும் தூக்கிப் போட்டுட்டு, பேர் ஊரெல்லாம் அச்சடிச்சு ஒட்டிக்கலாம்."

"அச்சுல ஒண்ணுகூடப் போகாதுன்னு அக்கா சொல்லியிருக்கு. நூத்தெண்பதும் ஒரே கையாத்தான் போகணும்."

"அந்தக் கைக்கு நான் எங்க போவேன்?"

"அக்கா வகுப்புல குடுத்த பாடத் தாள் இருக்குல்ல? உங்களுக்குப் படிக்கத் தெரியாதா?"

அவன் அவள் கையிலிருந்த உறையை இடுக்கியால் வாங்கிச் செய்தித்தாளில் வைத்தான். மறுநாள் கூடத்தில் உருப்பெருக்கியின் கீழ் இரண்டு முடிகளை வைத்துப் பார்த்தான். ஒன்று உறையில் பிடுங்கியது. இன்னொன்று அவள் சீப்பிலிருந்து எடுத்தது. தொட அருவருத்ததால் சீப்பு அப்படியே கிடந்தது. இரண்டும் ஒன்றுதான். அவன் அதைப் பதிவேட்டில் எழுதவில்லை.

அடுத்து உறைகளைத் தெருமுனைச் சலூனுக்குக் கொண்டுபோனான். சலூன்காரர் உறைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கட்டிங்கா சார், ஷேவிங்கா?"

"ஒட்ட எடுத்துடுங்க."

"தலையெழுத்துன்னு சொல்லக் கேட்டிருக்கேன். எழுத்துக்கே தலை இருக்குன்னு இன்னைக்குத்தான் பாக்குறேன்" என்று நாற்காலியில் ஒரு பலகை வைத்து, உறையைப் பரப்பி, நுரை தடவாமல் கத்தி வைத்தார். நாலு உறை கிழிந்தது. மற்றவை வழுவழுப்பாக வீடு வந்து சேர்ந்தன. சாயங்காலம் முடி முன்பைவிட அடர்த்தியாக முளைத்தது, இம்முறை பொடுகுடன். தலை எண்ணெயின் பழைய வாடை அறை முழுக்க நின்றது. காகிதத்தில் எண்ணெய்க் கறை வட்ட வட்டமாகப் படர்ந்தது. கிழிந்த நாலை அவன் குப்பையில் போட்டான். குப்பைக்காரர், பிராணி எதையும் போடக் கூடாது என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அந்த வாரமே வகுப்புக்கு வந்த ஏழு பேர் வீட்டிலும் இது கண்டது. நடத்துநரின் புத்தகக் குறி புத்தகத்துக்கு வெளியே தொங்கியது; அவர் அதைப் பின்னி ரப்பர் போட்டார். மருந்துக் கடைக்காரர் மனைவி அலமாரிகளில் ஒட்டியிருந்த பெயர்களைத் தினமும் காலையில் சீவிவிட்டாள். இல்லாவிட்டால் இருமல் மருந்து தெரிவதில்லை. டீச்சரிடம் கற்ற கை எழுதிய எழுத்துக்கெல்லாம் முளைத்தது. யாரும் அதைப் பெரிதுபடுத்தவில்லை. அவன் மட்டும் மூக்கைப் பொத்திக்கொண்டு நடந்தான்.

கடைசியில் பாடத் தாளை எடுத்தான். அவள் கையால் எழுதி நகல் எடுத்தது. 'பென்சிலால் முதலில் கோடு போடுங்கள். பேனாவைச் சாய்த்துப் பிடியுங்கள். இறங்கும்போது அழுத்துங்கள். ஏறும்போது தொட்டும் தொடாமலும் போங்கள். மை காயாமல் பென்சில் கோட்டை அழிக்காதீர்கள். மூச்சைப் பிடிக்காதீர்கள்.' கூடத்து ரப்பர் கையுறையை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தான். புதியவர்கள் எல்லாரும் செய்யும் தவறைத்தான் அவனும் செய்தான்: இறங்கும்போதும் அழுத்தினான், ஏறும்போதும் அழுத்தினான். மறுநாள் காலை எழுத்தின் எல்லாப் பக்கமும் முடி. முகவரியே தெரியவில்லை, தாளில் நனைந்த குரங்குக் குட்டி படுத்திருப்பதுபோல் இருந்தது. முப்பது தாள் அப்படிப் போயிற்று. பிறகு ஏறும்போது கையை விடக் கற்றான். அதிலிருந்து அவனுக்கு ஒன்று புரிந்தது. அழுத்தாத இடத்தில் முளைப்பதில்லை. அப்படியானால் எங்குமே அழுத்தாவிட்டால்?

ஒன்பது நாளில் நூற்றுப் பதினாறையும் அப்படியே எழுதி முடித்தான். ஒன்றிலும் முளைக்கவில்லை. வெள்ளைத் தாள், சுத்தமான கோடு. அவள் போன பிறகு முதல்முறையாக வயிறாரச் சாப்பிட்டான். தங்கையை வரச் சொன்னான்.

அவள் ஓர் உறையைக் கண்ணருகே கொண்டுபோனாள். "என்ன மாமா இது, கொசு நடந்துபோன மாதிரி. தபால்காரர் ரெண்டு கண்ணாடி போட்டாலும் படிக்க முடியாது."

"முடி இல்ல பாரு."

"அக்காவும் இல்ல."

அவள் கோபமாகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு முன்னறையில் உட்கார்ந்து, சதுரத் தாள்களை எடுத்துப் புது உறை மடிக்கத் தொடங்கினாள். கிழிந்த நாலுக்கும் சேர்த்து நூற்றிருபது. அவன் எதிரே நின்று பார்த்துக்கொண்டிருந்தான். தபாலுக்கு ஐந்து நாள் இருந்தது. பதினெட்டாவது உறை மடிந்து விழுந்தபோது அவன் கையுறையைக் கழற்றினான்.

அழுத்தி எழுதினான். பேனா இறங்கும்போதே விரலுக்கடியில் காகிதம் மண்டைத்தோல்போல் கதகதத்தது. மை காய்வதற்குள் முளை தலை காட்டியது. அவனுக்கு எச்சில் ஊறி ஊறி வந்தது. மேசைக்கடியில் வாளி ஒன்று வைத்துக்கொண்டான். இரண்டு முறை அது தேவைப்பட்டது. பசை தடவும்போது முடி மூடியில் சிக்கும் என்பதால் மனைவியின் சீப்பையே எடுத்து, ஒவ்வொரு முகவரியையும் இடமிருந்து வலமாகச் சீவிப் படியவைத்து, பிறகு மூடினான். சீவியதில் வந்த உதிர்முடி ஐந்தாம் நாள் ஒரு தலையணை அளவு இருந்தது. நூற்றெண்பதையும் கலைத்துப் போட்டபோது, எது டீச்சர் எழுதியது, எது அவன் எழுதியது என்று தங்கைக்கே தெரியவில்லை. அவனுக்குத் தெரிந்தது. அவளுடைய 'ழ'வின் குடுமி கொஞ்சம் நீளம்.

உறைகள் தபாலில் போயின. ஒன்றும் திரும்பி வரவில்லை. கல்யாணம் நடந்தது. வந்தவர்களில் சிலர் உறையின் முடியைக் கத்தரித்து வைத்திருந்தார்கள், சிலர் வகிடு எடுத்திருந்தார்கள், மணமகனின் பெரியப்பா சாயம் பூசியிருந்தார். அடுத்த வருடம் தங்கைக்குப் பெண் பிறந்தது. தொட்டிலில் மாட்டும் பெயர்ப் பலகையை அவன்தான் எழுதினான், அதைச் சின்னப் பல் சீப்பால் சீவினார்கள். முன்னறை வகுப்பு மீண்டும் நடக்கிறது. இப்போது பதினோரு பேர். பாடத் தாளும் அதேதான். தண்ணீர்க் கிண்ணம், பென்சில், அழிப்பான், சீப்பு என்று ஒவ்வொருவர் முன்னாலும் வைத்திருக்கிறான். புதிதாக வருகிறவர்கள் முதல் நாள் முகம் சுளிக்கிறார்கள். அவன் இன்றும் சுளிக்கிறான்.

இப்போதும் வாரத்துக்கு ஒருமுறையாவது அவன் தட்டில் ஒரு முடி கிடக்கும், நுனி செம்பட்டையாக. குமட்டும். அதை எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைப்பான். சாப்பிட்டு முடித்துத்தான் எழுந்திருப்பான்.