ஜன்னலில் போட்ட பை

கல்யாணமாகிப் பதினோராவது நாள் என் கணவரைக் காணவில்லை.

1994 வைகாசி. நல்ல முகூர்த்த நாள். திருநெல்வேலி பஸ் ஸ்டாண்டில் எந்தப் பக்கம் திரும்பினாலும் பட்டுப்புடவையும் தாம்பூலப் பையும்தான். "இந்தத் தூண்கிட்டயே நில்லு, எடம் போட்டுட்டு வாரேன்" என்று சொல்லிவிட்டுக் கூட்டத்துக்குள் நுழைந்தார். அப்போது மணி நாலு. ஐந்தே கால் ஆகியும் ஆள் வரவில்லை. ஆழ்வார்குறிச்சி வழியாகப் போகிற தென்காசி வண்டிகள் மூன்று என் கண் முன்னாலேயே கிளம்பிப் போய்விட்டன.

நான் பிறந்து வளர்ந்ததெல்லாம் மெட்ராஸ். தனியாக பஸ் ஏறி ஆழ்வார்குறிச்சி போவது எனக்கு ஒன்றும் பெரிய காரியமில்லை. ஆனால் அங்கே போய் மாமியாரிடம் என்ன சொல்வது? உங்கள் மகனைத் தொலைத்துவிட்டேன் என்றா? அதைவிடப் பெரிய பயம் ஒன்றும் இருந்தது. அவர் தொலையவில்லை, என்னை விட்டுவிட்டுப் போய்விட்டார் என்கிற பயம்.

பஸ் ஸ்டாண்டு ஓரத்தில் ஒரு போலீஸ் அவுட்போஸ்ட் இருந்தது. உள்ளே ஐம்பது வயதுக் கான்ஸ்டபிள் ஒருவர் தொப்பியைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார். சட்டையில் அப்பாத்துரை என்று பெயர் குத்தியிருந்தது.

"என்னம்மா, பர்ஸா, சங்கிலியா?"

"என் ஹஸ்பெண்ட் சார்."

கடலை உரித்த கை நின்றது. "வீட்டுக்காரரா? எப்பத்துலேர்ந்து காணும்?"

"நாலு மணியிலேர்ந்து."

அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். "ஒன்னேகால் மணி நேரத்துல ஒரு ஆம்பள காணாமப் போவானாம்மா? நான் ரெண்டு நாள் வீட்டுக்குப் போவலன்னாக்கூட எங்க வீட்டுல தேட மாட்டா. நிம்மதியா டிவி பாப்பா. கல்யாணமாயி எத்தன நாளு?"

"பதினோரு நாள்."

"சரிதான்" என்று சிரித்தார். "நாளைக்கு இதே நேரம் வரைக்கும் பாருங்க. அப்பவும் வரலன்னா உங்க ஊரு ஸ்டேஷன்ல எழுதிக் குடுங்க. இது எங்க எல்கை இல்ல."

"அவர் காணாமப் போனது இங்கதானே சார்?"

"காணாமப் போனது இங்கன. ஆனா இப்பம் ஆளு இங்கன இல்லைல்லா?"

நான் நகராமல் அங்கேயே நின்றேன். அப்போதுதான் வெளியே ரோந்து போயிருந்த பெண் ஏட்டு உள்ளே வந்தார். நாற்பது வயதிருக்கும், நல்ல உயரம், முகமெல்லாம் வேர்வை. பெயர் ஜெபகனி.

"அண்ணாச்சி, இந்தப் பிள்ள எவ்வளவு நேரமா நிக்கா?"

"வீட்டுக்காரர காணுமாம் ஏட்டம்மா. ஒரு நாள் பாக்கச் சொல்லிருக்கேன்."

"ஒரு நாள் கழிச்சுத்தான் எழுதணும்னு எந்தப் புஸ்தகத்துல வே இருக்கு? காட்டும் பாப்போம்."

"எல்லாரும் அப்படித்தான சொல்லுதாவ."

"எல்லாரும் சொல்லுதத கேட்டுத்தான் நாமளும் வாரவங்கள வெரட்டிக்கிட்டு இருக்கோம். எல்கைய பொறவு பாத்துக்கிடலாம். மொதல்ல ஆளு. அந்த ஸ்டூல இங்கன தள்ளும்."

நான் உட்கார்ந்தேன். ஜெபகனி ஒரு சொம்புத் தண்ணீரை நீட்டிவிட்டுப் பெரிய நோட்டைத் திறந்தார்.

"பேரு?"

"நாறும்பூநாதன்."

அப்பாத்துரை புருவத்தைத் தூக்கினார். "மெட்ராஸ்ல புருசன் பேர வாயால சொல்லுவாவளோ?"

"சொல்லாட்டா நீரு எப்படி வே தேடுவீரு? சும்மா இரும்" என்றார் ஜெபகனி. "வேலை?"

"ஆழ்வார்குறிச்சி ஸ்கூல்ல சயன்ஸ் டீச்சர். வயசு இருபத்தெட்டு. கட்டம் போட்ட சட்டை, காப்பிக் கலர் பேண்ட்."

"உயரம்?"

எழுந்து நின்று என் தலைக்கு மேல் நாலு விரல் வைத்துக் காட்டினேன்.

"அங்க அடையாளம்?"

முழித்தேன். பதினோரு நாளில் ஒருவரைப் பற்றி என்ன தெரியும்? மச்சம் எங்கே இருக்கிறது, தழும்பு எங்கே இருக்கிறது, ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. கண்ணை மூடிக்கொண்டு யோசித்தேன். அவர் காலையில் எனக்கு நுங்கு தோண்டிக் கொடுத்த கை வந்தது. "இடது கட்டைவிரல் நகம் கறுப்பா இருக்கும். சைக்கிள் செயின்ல மாட்டினதாம். அப்புறம்... சிரிச்சா ஒரு பக்கப் பல்லுதான் தெரியும்."

"இதெல்லாம் ஒரு அடையாளமா?" என்றார் அப்பாத்துரை.

"நல்ல அடையாளம்" என்று சொல்லி அதையும் எழுதிக்கொண்டார் ஜெபகனி. சீக்கு உண்டா, மருந்து சாப்பிடுகிறாரா, ஊரில் சொந்தக்காரர் வீடு இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். பிறகு, "ரெண்டு பேருக்கும் சண்டை கிண்டை?"

"இல்லை."

பேனா நகரவில்லை. "அண்ணாச்சி, மூணு டீ சொல்லிட்டு வாரும்." அவர் போனதும் நாற்காலியை என் பக்கமாக இழுத்துப் போட்டார். "இப்பம் சொல்லு. உங்க மாமியார்ட்ட போயிச் சொல்ல மாட்டேன். ஆளத் தேடணும்லா, அதுக்குத்தான் கேக்கேன்."

சொல்லிவிட்டேன். அன்று காலையில் பாளையங்கோட்டை வேலைவாய்ப்பு அலுவலகத்தில் என் பதிவை மெட்ராஸிலிருந்து மாற்றப் போயிருந்தோம். இரண்டு மணி நேரம் வரிசை. வெயில். அந்த எரிச்சலில் நான், "எனக்கு உங்க ஊர் பிடிக்கலை. மெட்ராஸ்ல ஒரு வேலை கிடைச்சா அடுத்த வண்டியிலயே போயிடுவேன்" என்று சொல்லிவிட்டேன். அவர் கோபப்படவில்லை. "வெயிலா இருக்கு, நீ நெழல்ல நில்லு" என்று மட்டும் சொல்லிவிட்டு வரிசையில் என் இடத்தில் போய் நின்றுகொண்டார். அதற்குப் பிறகு அதிகம் பேசவுமில்லை.

"அதான் கோவிச்சுக்கிட்டுப் போயிட்டாரோன்னு..." அதற்கு மேல் அழுகைதான் வந்தது.

ஜெபகனி நான் அழுது முடிக்கிறவரை காத்திருந்தார். "சரி. போவும்போது கையில என்ன வச்சிருந்தாரு?"

"மஞ்சள் பை. என் சர்டிபிகேட்டெல்லாம் அதுலதான் இருக்கு."

"கோவிச்சுக்கிட்டுப் போறவன் பொண்டாட்டி சர்டிபிகேட்ட எதுக்குத் தூக்கிட்டுப் போறான்?" என்று எழுந்தார். "வா. நீ நின்ன எடத்தக் காட்டு."

டீயோடு வந்த அப்பாத்துரையும் எங்களோடு வந்தார். தூணருகில் போனதும் ஜெபகனி நாலு பக்கமும் பார்த்தார். அந்த நேரத்தில் ஒரு வண்டி உள்ளே நுழைந்தது. அது நிற்பதற்குள் ஜன்னல் வழியாகத் துண்டுகளும் கைக்குட்டைகளும் பறந்தன. ஒருவர் தன் குழந்தையையே ஜன்னல் வழியாக உள்ளே கொடுத்தார். சீட்டில் துண்டு விழுந்துவிட்டால் அது அவருடைய இடம். அப்புறம் அவர் ஆற அமர வெற்றிலை வாங்கிப் போட்டுக்கொண்டு வந்தாலும் அந்த இடத்தில் யாரும் உட்கார மாட்டார்கள்.

"உன் வீட்டுக்காரர்ட்ட துண்டு உண்டா?"

"பேண்ட் போட்டிருந்தாரே. துண்டு இல்லை."

ஜெபகனியும் அப்பாத்துரையும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"பைய போட்டுட்டாரு" என்றார் அப்பாத்துரை. அவர் குரலில் முதல்முறையாகச் சுறுசுறுப்பு தெரிந்தது.

டைம் கீப்பரிடம் போனோம். நாலு மணிக்கு இந்த இடத்தில் நின்ற வண்டி எது என்று ஜெபகனி கேட்டார். அவர் பதிவேட்டைப் புரட்டினார். "தென்காசி போர்டோட வந்து நின்னுச்சு ஏட்டம்மா. விசாகக் கூட்டம் அதிகமா இருக்குன்னு கடைசி நேரத்துல போர்ட மாத்தி, நாலு பத்துக்குத் திருச்செந்தூர் ஸ்பெஷலா விட்டுட்டோம்."

ஆழ்வார்குறிச்சி மேற்கே. திருச்செந்தூர் கிழக்கே, கடற்கரையில். என் பி.எஸ்ஸி.யும் டைப்ரைட்டிங் ஹையரும் முருகனைப் பார்க்கக் கிளம்பிப் போயிருந்தன.

"பை போயிருக்கு. ஆளு போனாரான்னு தெரியணும்லா" என்றார் ஜெபகனி. பக்கத்துக் கடைகளில் ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே வந்தார். மூன்றாவது கடை நூர்முகம்மது என்பவருடைய சோடாக் கடை.

"கட்டம் போட்ட சட்டதான? என்ட்டதான் நின்னாவ. ரெண்டு கலர் சோடா வாங்குனாவ. ஒடைக்கப் போனேன், அதுக்குள்ள வண்டி நகண்டுட்டு. பின்னாலயே நின்ன இன்னொரு திருச்செந்தூர் வண்டியில ஓடித் தொத்திட்டாவ. 'தூண்கிட்ட என் சம்சாரம் நிக்கா, பைய எடுக்கப் போறேன்னு சொல்லிருங்க'ன்னு கத்திக்கிட்டே போனாவ. நானும் சொல்லிட்டனே!"

"யார்ட்ட வே சொன்னீரு?"

"அந்தா, அந்தத் தூண்ல நின்ன பொண்ணுட்ட. பச்சச் சேல, புது மஞ்சக் கயிறு. 'உங்க வீட்டுக்காரரு பைய எடுக்கப் போயிருக்காவ'ன்னேன். 'ஆமா, தெரியும்'னு சொல்லிச்சி."

நானும் பச்சைச் சேலைதான். ஆனால் நான் நின்றது அந்தத் தூண் இல்லை, பக்கத்துத் தூண்.

"இன்னைக்கு இந்த ஸ்டாண்டுல புது மஞ்சக் கயிறு எத்தன கெடக்கு தெரியுமா?" என்று ஜெபகனி தலையில் அடித்துக்கொண்டார். "அவ புருசனும் எங்கயோ பை எடுக்கத்தான் போயிருந்துருக்கான்!"

நூர்முகம்மது பாவமாக என்னைப் பார்த்தார். "தப்பா எடுத்துக்கிடாதீக தங்கச்சி. இந்தா, உங்க கலர் ரெண்டும் அப்படியே இருக்கு."

அவுட்போஸ்ட்டுக்குத் திரும்பியதும் ஜெபகனி திருச்செந்தூர் பஸ் ஸ்டாண்டுப் போலீஸுக்குப் போன் போட்டார். அந்தப் பக்கம் பேசியவரின் அலுப்பு எனக்கே கேட்டது. "ஏட்டம்மா, இங்கன மஞ்சப் பையோட ஆயிரம் பேர் நிக்கான்!"

"இவருக்கு இடது கட்டைவிரல் நகம் கறுப்பு. சிரிச்சா ஒரு பக்கப் பல்லு தெரியும். எழுதிக்கிட்டீரா? நெல்லை ஸ்பெஷல் வந்து நிக்கற எடத்துல போயிப் பாரும்."

நாற்பது நிமிஷம் கழித்துப் போன் அடித்தது. எடுத்துக் கேட்ட ஜெபகனியின் முகம் மலர்ந்தது. நடந்தது இதுதான். என் கணவர் வண்டியைப் பிடித்துவிட்டார். பையும் அந்த சீட்டிலேயே பத்திரமாக இருந்தது, கூட்டத்தில் ஒருவர்கூட அந்த இடத்தில் உட்காரவில்லையாம். ஆனால் கண்டக்டர் பையைத் தர மறுத்துவிட்டார். உள்ளே இருப்பதெல்லாம் அனுராதா என்கிற பெண்ணுடைய சான்றிதழ்கள். நாறும்பூநாதனுக்கு அதைக் கொடுக்க முடியாது. பெண்சாதி என்கிறாரே, அதற்கு அத்தாட்சி எங்கே என்று கேட்டுக்கொண்டிருந்தபோதுதான் போலீஸ்காரர் போய், "இவரு சம்சாரம் அனுராதா நெல்லையில புகார் எழுதி வச்சிருக்கு" என்று சொல்லிப் பையை வாங்கிக் கொடுத்திருக்கிறார்.

"அவருகிட்ட போனக் குடும்" என்றார் ஜெபகனி. என்னிடம் தரவில்லை. முதலில் அவரே பேசினார். "நீங்களாத்தான் போனியளா? வேற பிரச்சன ஒன்னுமில்லையே? திரும்பி வர சம்மதந்தானா? பயப்படாமச் சொல்லுங்க." பதிலைக் கேட்டுச் சிரித்துவிட்டு என் கையில் கொடுத்தார்.

"அனு, இன்னும் தூண்கிட்டயேவா நிக்க?"

"போலீஸ் ஸ்டேஷன்ல உக்காந்திருக்கேன்! ஒரு பைக்காகத் திருச்செந்தூர் வரைக்கும் ஓடுவாங்களா?"

"அது இல்லாம நீ எப்படி மெட்ராஸ் போவ?"

ஜெபகனி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அப்பாத்துரை கடலைத் தோலைக் கூட்டி அள்ள ஆரம்பித்தார்.

"முதல்ல நீங்க இங்க வாங்க. ஆழ்வார்குறிச்சி போகணும். கலர் சூடாயிடுச்சு" என்றேன்.

போனை வைத்ததும் அப்பாத்துரை, "அதான் ஆளு கெடச்சிட்டாருல்லா, அந்தத் தாளக் கிழிச்சிப் போட்டுருவமா?" என்றார்.

"கிழிக்கதுக்கா எழுதுனேன்? ஆளு இந்த ஸ்டூல்ல வந்து உக்காரட்டும். அப்பம் முடிப்பேன்."

எட்டு மணிக்கு அவர் வந்தார். முடியெல்லாம் புழுதி. பையைக் கைக்குழந்தை மாதிரி மார்போடு அணைத்திருந்தார். ஜெபகனி அவரை ஸ்டூலில் உட்கார வைத்து, கட்டைவிரலைத் திருப்பிப் பார்த்து, நோட்டில் எழுதி, கையெழுத்து வாங்கினார். "கொஞ்சம் சிரிங்க சார்" என்றார். அவர் ஒன்றும் புரியாமல் சிரித்தார். ஒரு பக்கப் பல்லு தெரிந்தது. "சரியா இருக்கு" என்று நோட்டை மூடினார்.

தென்காசி வண்டி வந்தது. கூட்டம் பாய்ந்தது. என் கணவரின் கை பையோடு உயர்ந்ததைப் பார்த்து நான் பையைப் பிடுங்கிக்கொண்டேன்.

"நில்லுங்க சார், நான் போடுதேன்" என்று அப்பாத்துரை தன் தொப்பியைக் கழற்றி ஜன்னல் வழியாக வீசினார். போலீஸ் தொப்பி விழுந்த சீட்டை யார் தொடுவார்கள்? நாங்கள் மெதுவாக ஏறிப் போனபோது, அந்த ஒரு சீட்டு மட்டுமல்ல, சுற்றியிருந்த நாலு சீட்டும் காலியாக இருந்தன.

உட்கார்ந்தோம். கண்டக்டர் விசில் ஊதினார். வண்டி நகர்ந்து, வாசலைத் தாண்டி, வேகமெடுத்தபோதுதான் என் மடியில் சர்டிபிகேட் பைக்கு மேல் தொப்பி இருப்பதைக் கவனித்தேன்.

ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிப் பார்த்தோம். வெறுந்தலையோடு அப்பாத்துரை கையை ஆட்டிக்கொண்டே ஓடி வந்துகொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் ஜெபகனி இடுப்பில் கை வைத்து நின்று சத்தமாகச் சொன்னது எங்களுக்கும் கேட்டது.

"ஓடாதீரும் அண்ணாச்சி! எப்பத்துலேர்ந்து காணும்? அடையாளம் என்ன? வந்து ஸ்டூல்ல உக்காந்து சொல்லும், எழுதிக்கிடுதேன்!"